மாதத்தோடு நாளையும் எண்ணுவோம்

கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் எண்ணிக்கைக்குக் குறைவிராது. இது எத்தனையாவது மாதம், அடுத்த பரிசோதனை என்றைக்கு, வளைகாப்பு ஏழாம் மாதத்திலா ஒன்பதாம் மாதத்திலா, மருத்துவர் குறித்த நாளுக்கு இன்னும் எத்தனை வாரம் என்று வீட்டுப் பெரியவர்கள் முதல் அண்டை வீட்டார் வரை அனைவரும் கணக்கு வைத்திருப்பர். அதே பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டால், அது எந்த நாள், எந்த வேளையில் தொடங்கியது என்னும் வினாவுக்கு மட்டும் தெளிவான விடை கிடைப்பது அரிது. 'இரண்டு மூன்று நாளாக இருக்கும்' என்பார் ஒருவர். 'நேற்றுத்தான் அதிகமானது' என்பார் இன்னொருவர். டெங்குக் காய்ச்சலில் சிகிச்சையின் ஒவ்வொரு முடிவும் இந்த விடையையே சார்ந்து நிற்கிறது.

கருவுற்ற பெண்ணுக்குக் காய்ச்சல் தொடங்கிய நாளையும் வேளையையும் எழுதிவைக்க வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் அவரை மருத்துவமனைக் கண்காணிப்பில் இருக்கவிட வேண்டும். இவ்விரண்டையும் ஒவ்வொரு குடும்பமும் தன் கடமையாகக் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

வீட்டு நீரில் வளரும் கொசு

புதுக்கோட்டை மாவட்டம் கண்மாய்களும் குளங்களும் நிறைந்தது. எனினும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கண்மாயை நாடுவதில்லை. வீட்டின் உள்ளும் புறமும் நிழலில் தேங்கி நிற்கும் தெளிந்த நீரே அதற்கு ஏற்ற இடம். குழாயில் நாள்தோறும் குடிநீர் வாராத ஊர்களில் பிளாஸ்டிக் டிரம், சிமெண்டுத் தொட்டி, அண்டா, குடம் எனக் கையில் உள்ள கலங்களிலெல்லாம் நீரைப் பிடித்துவைக்கிறோம். தட்டுப்பாடு கற்பித்த இந்தப் பழக்கத்தைக் குறை கூற இயலாது. ஆயினும் மூடாத கலம் கொசுவுக்குத் தொட்டிலாகிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஆலங்குடி, கீரமங்கலம், கறம்பக்குடிப் பக்கத்துத் தோப்புகளில் கிடக்கும் கொட்டாங்குச்சிகள், கொல்லையில் எறியப்பட்ட டயர்கள், பயன்பாட்டில் இல்லாத ஆட்டுரல்கள் ஆகியனவும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலுக்குப் பின், மின்சாரமின்றி வாரக்கணக்கில் தவித்த நம் ஊர்களில், கிடைத்த நீரையெல்லாம் சேர்த்துவைத்த நாள்களைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஏடிஸ் கொசுவின் முட்டை, நீர் வற்றிய பின்னும் கலத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதம் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் பட்டதும் பொரிந்து, ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களில் கொசுவாகிப் பறக்கும். ஆகவே நீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் நிரப்புவது போதாது. வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். இக்கொசு கடிப்பது பெரும்பாலும் பகலில். இரவில் மட்டும் வலை கட்டும் வீட்டில், மதிய உணவுக்குப் பின் கண்ணயரும் கர்ப்பிணிக்குப் பாதுகாப்பில்லை. பகல் உறக்கத்துக்கும் வலை கட்டுவதும், கையையும் காலையும் மூடும் பருத்தி உடை அணிவதும், மருத்துவரைக் கேட்டுக் கொசு விரட்டிக் களிம்பு தடவிக்கொள்வதும் எளிய காப்புகள்.

தமிழகத்துக்கு டெங்கு புதியதன்று. 1956-ஆம் ஆண்டிலேயே வேலூரில் அது கண்டறியப்பட்டது. 2012-இல் தமிழகத்தில் 12,000-க்கும் மேற்பட்டோருக்கும், 2017-இல் 23,000-க்கும் மேற்பட்டோருக்கும் டெங்கு உறுதியானது. அவ்விரு ஆண்டுகளிலும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தோம். பாதிக்கப்பட்டோருள் மிகப் பெரும்பாலோர் முற்றிலும் நலம் பெற்றனர் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். கருவுற்ற பெண்களுள்ளும் பெரும்பாலோர் நலமே பெறுகின்றனர். இக்கட்டுரை அச்சமூட்டுவதற்கு எழுதப்படவில்லை. நலம் பெறாத சிலரும் பெரும்பாலும் காக்கப்படக்கூடியவர்களே என்பதால் எழுதப்படுகிறது.

காய்ச்சல் விடும் நாள்

டெங்கு மூன்று கட்டங்களாகச் செல்லும் நோய். முதலாவது, கடுங்காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் உள்ள கட்டம். இரண்டாவது, ஆபத்துக் கட்டம். மூன்றாவது, உடல் தேறும் கட்டம். நம்மைத் தடுமாறச் செய்வது இரண்டாவது கட்டமே. அது காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை; காய்ச்சல் தணியும்போது வருகிறது. நோய் தொடங்கிய 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையே, உடல் சூடு குறையும் தறுவாயில், நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் இளகி, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்குகிறது. குழாய்க்குள் எஞ்சும் இரத்தம் கெட்டியாகிறது. அதன் அளவும் குறைகிறது. கசிவு மிகுந்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்து, உறுப்புகளுக்கும் கருவிலுள்ள குழந்தைக்கும் இரத்த ஓட்டம் குன்றும். இக்கட்டம் நீடிப்பது ஏறத்தாழ 24 முதல் 48 மணி நேரமே. அந்நேரத்தில் உரிய கவனிப்பு இருந்தால் பெரும்பாலோர் தேறிவிடுவர்.

நம் வழக்கமோ இதற்கு நேர்மாறாக இருக்கிறது. காய்ச்சல் கொதிக்கும்போது ஓடோடி வருகிறோம். தொட்டுப் பார்த்து உடல் குளிர்ந்திருந்தால் 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ரசஞ்சோறு கொடுத்து, வீட்டுக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாட்டில் இறங்குகிறோம். மற்றக் காய்ச்சல்களில் தலைமுறை தலைமுறையாகச் சரியாக இருந்த இவ்வழக்கம் டெங்குவில் மட்டும் பிழையாகிவிடுகிறது. மருத்துவர் 'இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும்' என்று சொல்வது பெரும்பாலும் இந்நாளில்தான். குடும்பத்தார் கையெழுத்திட்டு அழைத்துச் செல்ல விரும்புவதும் இந்நாளில்தான்.

காய்ச்சல் தொடங்கிய நாள் ஏன் இவ்வளவு இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும். அந்நாள் தெரிந்தால் ஆபத்துக் கட்டம் எப்போது வரக்கூடும் என்று மருத்துவரால் முன்கூட்டியே கணிக்க இயலும். எந்தப் பரிசோதனை செய்வது என்பதையும் அந்நாளே முடிவு செய்கிறது. முதல் ஐந்து நாள்களுக்குள் என்.எஸ்.1 பரிசோதனை நோயைக் காட்டும்; அதன் பிறகு ஐ.ஜி.எம். பரிசோதனையே துணை. நாளைத் தவறாகச் சொன்னால், நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம்.

மசக்கை, சூட்டு வலி, அசதி

டெங்குவின் அபாய அறிகுறிகள் இவை: கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, மூக்கிலோ பல் ஈறிலோ இரத்தக் கசிவு, பிறப்புறுப்பின் வழியே இரத்தப்போக்கு, மூச்சுத் திணறல், மிகுந்த சோர்வு அல்லது அமைதியின்மை, கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பது அனைவருக்கும் பொதுவான விதி.

கருவுற்ற பெண்ணிடம் இவ்வறிகுறிகள் வேறு பெயர்களுக்குப் பின்னே மறைந்துகொள்கின்றன. மூன்றாம் மாதத்தில் வாந்தி எடுத்தால் மசக்கை என்கிறோம். எட்டாம் மாதத்தில் வயிறு வலித்தால் சூட்டு வலி என்று சோம்பு நீர் கொடுக்கிறோம். எழுந்திருக்க முடியவில்லை என்றால் பிள்ளைத்தாய்ச்சிக்கு அசதி இருக்கத்தானே செய்யும் என்கிறோம். இச்சொற்கள் நூற்றுக்குத் தொண்ணூறு வேளைகளில் சரியானவையே. காய்ச்சல் கண்ட வாரத்தில் மட்டும் இவற்றை ஒதுக்கிவைக்க வேண்டும். அவ்வாரத்தில் வாந்தி என்றால் வாந்தி. வயிற்றுவலி என்றால் வயிற்றுவலி. காரணத்தை மருத்துவர் சொல்லட்டும்.

பரிசோதனைத் தாளிலும் இதே மறைவு உண்டு. கருவுற்ற காலத்தில் உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி இயல்பாகவே மிகுதியாகும். அதனால் சிவப்பணுக்களின் விகிதமான ஹீமாடோக்ரிட் அளவு குறைந்திருக்கும். ஒரு பெண்ணுக்கு வழக்கமாக 32 இருக்கும் அளவு, டெங்குவின் கசிவால் 38-க்கு மேல் ஏறுகிறது என்று கொள்வோம். ஆய்வகத் தாளில் அச்சிட்ட அட்டவணைப்படி 38 இயல்பான அளவே. சிவப்பு மையில் குறி எதுவும் இராது. ஆனால் அப்பெண்ணைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்வு. கசிவு தொடங்கிவிட்டதற்கான அடையாளம். அவருடைய பழைய அளவு தெரிந்தால்தான் இவ்வுயர்வு புலப்படும். ஆதலால் தாய்-சேய் நல அட்டையையும் முந்தைய இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் ஒரே உறையில் போட்டுவைத்து, காய்ச்சலுக்கு வரும்போது மறவாமல் எடுத்து வாருங்கள். அந்தப் பழைய தாள் ஒரு மருந்துக்கு நிகரானது.

இரத்த அழுத்தமும் அவ்வாறே. கர்ப்பிணியின் நாடி சற்று விரைவாகவும் அழுத்தம் சற்றுத் தாழ்வாகவும் இருப்பது இயல்பு. எனவே ஒருமுறை அளந்த அளவை வைத்து முடிவுக்கு வர இயலாது. அடுத்தடுத்து அளந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே சுருங்குவது அதிர்ச்சி நிலையின் தொடக்கம். நள்ளிரவில் செவிலியர் வந்து எழுப்பி அளக்கும்போது, 'இப்போதுதான் கண்ணயர்ந்தாள்' என்று உடனிருப்போர் வருந்துவதுண்டு. அந்த வருத்தம் இயல்பானதே. அந்த அளவீடும் அதே அளவு தேவையானது.

இவ்வாறு நோய் மறைந்துகொள்வதால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வேறு அபாய அறிகுறி எதுவும் இல்லாவிடினும் டெங்கு கண்ட கர்ப்பிணிகளை மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டியோர் பிரிவில் சேர்த்துள்ளது. பிரேசில் நாட்டின் மகப்பேற்றுப் பதிவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வொன்று, டெங்கு கண்ட தாய்மாருக்கு இறப்பு அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி எனக் காட்டியது. நோய் கடுமையானால் அவ்வபாயம் பன்மடங்கு கூடியது. குறைப்பிரசவம், கருச்சிதைவு போன்றவையும் டெங்குவோடு தொடர்புடையன என ஆய்வுகள் கூறுகின்றன.

அன்பினால் நேரும் இடர்கள்

நோயாளிக்கு ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற தவிப்பில் குடும்பத்தார் கேட்கும் சிலவற்றை மருத்துவர்கள் மறுக்க வேண்டியிருக்கிறது. மறுப்பதன் காரணத்தை அறிந்திருப்பது இரு சாராருக்கும் நன்று.

'ஓர் ஊசி போட்டால் சரியாகிவிடும்' என்பது முதலாவது. உடல்வலிக்குப் போடப்படும் டைக்ளோஃபினாக் ஊசியும், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளும் இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடியவை. டெங்கு இருக்கலாம் என்ற ஐயம் உள்ளவரை அவை வேண்டா. தசையில் போடும் ஊசியையும் தவிர்த்தல் நன்று. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில் உட்கொள்ள வேண்டும். இரத்தக் கொதிப்பைத் தடுப்பதற்காகக் கர்ப்பிணிகள் சிலருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் ஏற்கெனவே எழுதித் தரப்பட்டிருக்கும். அவர்கள் காய்ச்சல் கண்ட அன்றே அதனை மருத்துவரிடம் சொல்லி, தொடர்வதா நிறுத்துவதா என்று கேட்டறிய வேண்டும்.

'இன்னும் இரண்டு பாட்டில் ஏற்றுங்கள்' என்பது இரண்டாவது. சிரை வழி ஏற்றும் நீர் டெங்குவுக்கு உயிர்காக்கும் மருந்து. எல்லா மருந்தையும் போல அதற்கும் அளவு உண்டு. ஆபத்துக் கட்டம் கடந்ததும், வெளியே கசிந்த நீர் தானாகவே இரத்தத்துக்குத் திரும்பும். முன்பே மிகுதியாக ஏற்றியிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். கர்ப்பிணிகளுக்கு இவ்வாபத்து மற்றவர்களைவிட மிகுதி. வாயால் பருக முடிந்தவரை கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல் ஆகியவையே முதன்மையானவை. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சிறுநீர் கழிகிறதா என்று பார்த்துக் குறித்துவைப்பது, உடனிருப்போர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

'தட்டணு எத்தனை?' என்பது மூன்றாவது. பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களின் எண்ணிக்கையைச் செய்தித்தாள்களும் உறவினர்களும் நோயின் அளவுகோலாகவே ஆக்கிவிட்டனர். எண்ணிக்கை குறைந்ததும் தட்டணு ஏற்றச் சொல்லி வற்புறுத்துகின்றனர். இரத்தக் கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கையை உயர்த்துவதற்காகவே தட்டணு ஏற்றுவதால் பொதுவாகப் பயனில்லை. கசிவு இருந்தாலோ, எண்ணிக்கை மிக மிகக் குறைந்தாலோ, அறுவைச் சிகிச்சை தவிர்க்க இயலாததாயினாலோ அது தேவைப்படும். கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் இயல்பாகவே தட்டணு சற்றுக் குறையும் பெண்களும் உண்டு. உயிருக்கு ஆபத்தை விளைவிப்பது பெரும்பாலும் கசிவும் அதனால் வரும் அதிர்ச்சி நிலையுமே. எனவே தட்டணுவை விசாரிக்கும் உறவினர், நாடியையும் சிறுநீரையும் விசாரிப்பது இன்னும் பயனுடையது.

இலைச்சாறு நான்காவது. கருவுற்ற பெண்ணுக்குப் பப்பாளிப் பழத்தில் ஒரு துண்டுகூடக் கொடுக்காத வீடுகள் நம்முடையவை. அதே வீட்டில் தட்டணு குறைந்தது என்றவுடன் பப்பாளி இலையை அரைத்துச் சாறு கொடுக்க முனைகிறோம். கருவுற்றோருக்கு அது பாதுகாப்பானது என்பதற்குப் போதிய சான்று இல்லை. வாந்தியை மிகுவித்து நீரிழப்பைக் கூட்டவும் செய்யும். நிலவேம்புக் குடிநீர் தமிழக மக்கள் நன்கறிந்தது. எனினும் நிலவேம்பு கருவுற்றோருக்கு ஏற்றதன்று என உலகச் சுகாதார நிறுவனத்தின் மூலிகைத் தொகுப்பு எச்சரிக்கிறது. முகாம்களில் அனைவருக்கும் வழங்கும்போது, 'நான் கருவுற்றிருக்கிறேன்' என்று சொல்லித் தவிர்த்துவிடுங்கள்.

'குழந்தையை எடுத்துவிடுங்கள்' என்பது ஐந்தாவது. கேட்பதற்கே மனம் கனக்கும் வேண்டுகோள். பிரசவத்தை விரைவுபடுத்துவதால் டெங்கு குணமாவதில்லை. ஆபத்துக் கட்டத்தில் நிகழும் பிரசவத்தில், குறிப்பாக அறுவைச் சிகிச்சையில், இரத்தப்போக்கு மிகும். தாய்க்கோ சேய்க்கோ வேறு உடனடிக் காரணம் இல்லையென்றால், அந்த இரண்டு நாள்களைக் கடத்திவிடுவதே மருத்துவர்களின் முயற்சியாக இருக்கும். அதற்குள் வலி தானாகவே வந்துவிட்டால், இரத்த வங்கி வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவம் நடைபெற வேண்டும். உறவினர்கள் இரத்தக் கொடைக்கு முன்வருவது அவ்வேளையில் பேருதவி.

சிக்குன்குனியாவும் ஜிகாவும்

இதே ஏடிஸ் கொசு வேறு இரு நோய்களையும் சுமக்கிறது. அவற்றிலும் நாள் கணக்கே வழிகாட்டி.

மூட்டுவலியால் நாம் நன்கறிந்த சிக்குன்குனியா 2005–06-இல் இந்தியப் பெருங்கடல் தீவுகளில் பரவியபோது, தமிழ் வழிவந்தோர் பலர் வாழும் ரியூனியன் தீவில் மருத்துவர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். பிரசவ நேரத்தில் தாயின் இரத்தத்தில் இவ்வைரஸ் இருந்தால், ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கு அது தொற்றியது. அறுவைச் சிகிச்சையால் அதைத் தடுக்கவும் முடியவில்லை. அக்குழந்தைகள் பிறந்தபோது நலமாகவே இருந்தனர். சில நாள்கள் கழித்தே காய்ச்சலும் பால் குடிக்க மறுத்தலும் தோன்றின. ஆதலின் பிரசவத்தை ஒட்டிய நாள்களில் தாய்க்குக் காய்ச்சல் இருந்திருந்தால், குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று மறுநாளே வீடு திரும்புதல் தகாது. டெங்குவிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

ஜிகா வைரஸ் தாய்க்குப் பெரிய துன்பம் தராமலே கடந்து போகலாம். ஆனால் முதல் மூன்று மாதங்களில் தொற்றினால் கருவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். பிரேசிலில் இதனால் பிறந்த சிறுதலைக் குழந்தைகளைக் கண்டே உலகச் சுகாதார நிறுவனம் 2016 பிப்ரவரி 1 அன்று உலகளாவிய அவசரநிலையை அறிவித்தது. 2017-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்கு ஜிகா கண்டறியப்பட்டது. 2021 ஜூலையில் கேரளத்தில் முதன்முதலாக அது உறுதியானது ஒரு கருவுற்ற பெண்ணிடம். நம் மாவட்டத்தார் இதற்காக அஞ்சி வாழ வேண்டியதில்லை. முதல் மூன்று மாதத்தில் காய்ச்சலும் தடிப்பும் வந்தால், அது எந்த வாரத்தில் வந்தது என்று அட்டையில் குறித்து மருத்துவரிடம் காட்டினால் போதும்.

குடும்பங்கள் கூறும் தடைகள்

'காய்ச்சலுக்கெல்லாம் மருத்துவமனையில் படுக்கவைத்தால் வீடு என்னாவது?' என்பது நியாயமான கேள்வி. மணமேல்குடியிலிருந்தோ பொன்னமராவதியிலிருந்தோ புதுக்கோட்டைக்கு வருபவருக்குப் பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் பெரிய தொகை. மூத்த குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப ஆள் வேண்டும். ஆடு மாடுகளைக் கவனிக்க ஆள் வேண்டும். இவையெல்லாம் தெரிந்தே இரண்டு நாள் கேட்கிறோம். மாதக்கணக்கான கட்டுப்பாட்டை யாரும் கேட்கவில்லை. முடியும் நாள் தெரிந்த ஒரு காலத்தையே கேட்கிறோம். மாத்திரையின் துணையின்றி இரண்டு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்து, பசி திரும்பி, சிறுநீர் நன்றாகப் பிரிந்து, இரத்த அளவுகள் நிலைபெற்றால் மருத்துவரே அனுப்பிவைப்பார். தொலைவில் உள்ளோர் முதல் நாளிலேயே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுங்கள். அங்கிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பினால் 108 ஊர்தி கட்டணமின்றி அழைத்து வரும்.

முடிவெடுப்போர் யார் என்பது அதைவிடக் கடினமான தடை. கணவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். மாமியார் வீட்டில் இருக்கும்போது, 'அம்மா வீட்டாரைக் கேட்காமல் எப்படிச் சேர்ப்பது' என்பர். தாய்வீட்டுக்கு வந்த பிறகு, 'சம்பந்தி வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு' என்பர். இரு வீட்டாரும் ஒருவரையொருவர் மதித்துக் காத்திருக்கும் பொழுதில் நோய் காத்திருப்பதில்லை. வளைகாப்புக்கு இரு குடும்பமும் கூடும்போதே, 'காய்ச்சலோ இரத்தப்போக்கோ கண்டால் யாரையும் கேட்க வேண்டாம், உடனே அழைத்துச் செல்லுங்கள்' என்று ஒருமனதாகப் பேசிவைத்துவிடலாம். அதே நாளில், தாய்வீடு செல்லும் பெண்ணின் புதிய முகவரியைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தெரிவித்துவிடுவதும் நன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு வேண்டும். 'எனக்கு என்னவோ செய்கிறது' என்று அவர் சொன்னால், அதனைப் பரிசோதனைத் தாளுக்கு இணையாகக் கொள்ளுங்கள். இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரான முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் பிறந்தது இதே புதுக்கோட்டையில். அவர் பெயரிலேயே தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் நடைபெறுகிறது. அவரைப் பெற்ற மண்ணில், தன் உடல்நிலையைச் சொல்லும் பெண் இருமுறை கேட்க வேண்டிய நிலை இருத்தல் ஆகாது.

மருத்துவமனையின் பொறுப்பு

கடமையைக் குடும்பத்தார் மீது மட்டும் சுமத்துதல் முறையாகாது. ஏன் இருக்க வேண்டும் என்பதை, மருத்துவச் சொற்களைத் தவிர்த்துக் கட்டிலருகே நின்று விளக்குவது மருத்துவமனைகளின் பொறுப்பு. இன்று நோயின் எத்தனையாவது நாள் என்பதைக் கட்டில் அட்டையில் யாவரும் படிக்கும்படி எழுத வேண்டும். காய்ச்சலுடன் படுத்திருப்பவரைக் கடிக்கும் கொசு பின்னர் அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு நோயைக் கொண்டு செல்லும். ஆகவே பகலிலும் வலை தர வேண்டும். மருத்துவமனை வளாகத்திலேயே நீர் தேங்கியிருந்தால் அதைச் சுட்டிக்காட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது, எந்த அறிகுறிக்குத் திரும்பி வர வேண்டும் என்று தமிழில் எழுதிய சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். தராவிட்டால் தயங்காமல் கேளுங்கள்.

டெங்குவுக்கான இந்தியத் தடுப்பூசியின் மூன்றாம் கட்ட ஆய்வு 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அது நற்செய்தியே. எனினும் அது உயிருள்ள வைரஸை வலுக்குறைத்துச் செய்யும் வகையைச் சேர்ந்தது. அவ்வகைத் தடுப்பூசிகள் கருவுற்ற காலத்தில் போடப்படுவதில்லை. கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை கொசுவைத் தடுத்தலும் நாளை எண்ணுதலுமே நம் கையில் உள்ளவை.

இன்று மாலை இதைப் படித்து முடித்ததும், உங்கள் வீட்டுக் கர்ப்பிணியின் தாய்-சேய் நல அட்டையை எடுங்கள். அதன் பின்னட்டையில் ஒரு வரிக்கு இடம் விட்டு, 'காய்ச்சல் தொடங்கிய நாள், வேளை' என்று எழுதுங்கள். அதன் கீழே, 'காய்ச்சல் விட்ட நாள், வேளை' என்று எழுதுங்கள். அவ்விரு வரிகளும் கடைசிவரை வெறுமையாகவே இருக்கட்டும் என்பதே எங்கள் விருப்பம். நிரப்ப நேர்ந்தால், இரண்டாவது வரியை நிரப்பிய பிறகும் இன்னும் இரண்டு நாள் எண்ணுங்கள்.